வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம்: கைப்பேசிக் காணொளிக்கான கம்பியில்லா காலர் மைக், ஓர் எளிய விளக்கம்

கைப்பேசியை ட்ரைபாடில் நிறுத்திவிட்டு, இரண்டு மீட்டர் தள்ளி அடுப்பருகே நின்று ஒருவர் வற்றல் குழம்பு வைக்கும் முறையைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் பளிச்சென்று இருக்கிறது. எண்ணெயில் கடுகு வெடிப்பதுகூடத் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் பதிவைப் போட்டுக் கேட்டால், அவர் பக்கத்து அறையில் நின்று பேசுவதுபோல் இருக்கிறது; எக்ஸாஸ்ட் ஃபேனின் இரைச்சல் மட்டும் காதருகே ஒலிக்கிறது. படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அதே அறையில் இருந்தவர்களுக்கு அவர் பேசியது தெளிவாகத்தான் கேட்டது. பதிவில் மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்பது புரிந்துவிட்டால், சட்டையில் குத்திக்கொள்ளும், சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கும் கம்பியில்லா காலர் மைக் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதும் விளங்கிவிடும்.

காதுக்குப் பின்னால் மூளை இருக்கிறது. இரண்டு காதுகளிலும் வந்து சேரும் ஒலியை ஒப்பிட்டு, வேண்டிய குரலைப் பிடித்துக்கொண்டு மற்றதை அது ஒதுக்கிவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கும்போதே பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஊர்க்கதை கேட்க முடிவது அதனால்தான். மைக்குக்கு அந்த வேலை தெரியாது. தன்னிடம் வந்து சேரும் எல்லா ஒலியையும், வந்த அளவிலேயே அது மின் அலையாக மாற்றிவிடும். எனவே மைக்கை வந்து சேரும்போதே குரல் பெரிதாகவும் இரைச்சல் சிறிதாகவும் இருக்க வேண்டும். அதற்கு எளிய வழி மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோவதுதான்.

இதைக் கணக்காகவே சொல்லலாம். ஒலி மூலத்திலிருந்து தூரம் இரு மடங்கானால், நேராக வரும் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். டெசிபல் கணக்கில் இது 6 டெசிபல் இறக்கம். இரண்டு மீட்டரில் இருக்கும் கைப்பேசிக்குப் பதிலாக 20 சென்டிமீட்டரில் ஒரு மைக் இருந்தால், தூரம் பத்தில் ஒரு பங்காகிறது. குரலின் செறிவு நூறு மடங்காக, அதாவது 20 டெசிபல் கூடுகிறது. ஆனால் சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பி வரும் எதிரொலி, அறையின் எந்த மூலையிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அருகே போய் நிற்காதவரை அதன் இரைச்சலும் பெரிதாக மாறாது. ஆகக் குரல் மட்டும் உயர்ந்து, மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆயிரம் ரூபாய் மைக்கானாலும் நெஞ்சில் குத்தியிருந்தால், தொலைவில் நிற்கும் ஐம்பதாயிரம் ரூபாய்க் கைப்பேசியின் உள்மைக்கை அது பெரும்பாலும் வென்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

இதே நெருக்கத்தைக் கம்பி வைத்த காலர் மைக்கும் தரும் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கைப்பேசியில் காணொளி எடுத்துப் பழகிய பலருக்கும் அறிமுகமான போயா பிஒய்-எம்1 மைக்கின் கம்பி 6 மீட்டர் நீளம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அதற்கு மேல் என்ன தேவை? கம்பி மைக்கில் அலைவரிசைத் தகராறு இல்லை. நடுவில் சார்ஜ் தீர்ந்து பேச்சு அறுபடுவதும் அரிது. 3.5 மி.மீ. துளை இல்லாத கைப்பேசியாக இருந்தால் இடையில் ஓர் இணைப்பான் வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்திலேயே பேசுபவர்கள் முதலில் கம்பி மைக்கையே வாங்கலாம் என்பது என் கருத்து. வயலில் நடந்துகொண்டே நாற்று நடவைக் காட்டுபவருக்கும், அடுப்புக்கும் அம்மிக்கும் இடையே நடமாடுபவருக்கும், கைப்பேசியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பேசுபவருக்கும்தான் கம்பியில்லா மைக் உண்மையில் தேவைப்படுகிறது.

கம்பியில்லா மைக் என்பது இரண்டு துண்டுகளாக வரும். சட்டையில் குத்திக்கொள்ளும் துண்டில் மைக்கும், பேட்டரியும், ஒலியை வானலையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரும் சேர்ந்திருக்கும். மற்றொன்று கைப்பேசியின் சார்ஜ் துளையில் செருகும் ரிசீவர். இது பார்ப்பதற்குப் பென் டிரைவின் தம்பிபோல இருக்கும். தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் பெரும்பாலும் கைப்பேசியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஐஃபோன் 14 வரையிலான ஐஃபோன்களுக்கு லைட்னிங் முனையும், 2023-இல் வந்த ஐஃபோன் 15 முதல் உள்ளவற்றுக்கும் இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் டைப்-சி முனையும் வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு.

இரண்டு துண்டுகளும் தமக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யாரும் உரிமம் பெறாமல் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கப்பட்ட பட்டை என்பதால், வைஃபையும் ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே தெருவில்தான் குடியிருக்கின்றன. இந்த அலைகளை நீர் உறிஞ்சும். மனித உடலில் பெரும்பகுதி நீர். ஆகையால் மைக்கை நெஞ்சில் குத்திக்கொண்டு கைப்பேசிக்கு முதுகைக் காட்டித் திரும்பினால், இடையில் உடலே சுவராக நிற்கும். பேச்சில் ஓரிரு எழுத்துகள் காணாமல் போகும். பெட்டியின் மேல் 20 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது, இடையில் ஒன்றுமே இல்லாத திறந்த வெளியில் அளந்த அளவு. வீட்டுக்குள் அதில் பாதியை நம்பிக் காணொளியைத் திட்டமிடுவது நல்லது.

காதில் மாட்டும் ப்ளூடூத் இயர்ஃபோனிலும் மைக் இருக்கிறதே, அதையே பயன்படுத்தினால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். இயர்ஃபோனில் மைக்கைத் திறந்ததும் அது வழக்கமாகத் தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும். அந்த முறையில் நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் ஒலி மாதிரி எடுக்கப்படுகிறது, அதாவது ஒலியலை அளந்து பதியப்படுகிறது. காணொளிக்கான வழக்கமான அளவோ 48,000. மாதிரி எடுக்கும் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களைப் பதிய முடியாது என்பது இத்துறையின் அடிப்படை விதி. அதனால்தான் அந்தப் பதிவு வெளியூரிலிருந்து ஃபோனில் பேசுவதுபோல் ஒடுங்கிக் கேட்கிறது. காலர் மைக்கின் ரிசீவரை, கைப்பேசி தன்னிடம் செருகிய ஒரு வெளி ஒலிக்கருவியாகவே எடுத்துக்கொள்கிறது. அழைப்பு முறை குறுக்கே வருவதில்லை. தாமதமும் குறைவு. நிறுவனங்கள் வழக்கமாகக் குறிப்பிடும் 20 மில்லி நொடித் தாமதம் பெரிதல்ல. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும் என்பதால், ஏழு மீட்டர் தள்ளி நிற்பவர் பேசும்போது நம் காதுக்கே அந்தத் தாமதம் இருக்கிறது. உதட்டசைவும் பேச்சும் பிரிந்து தெரியாது.

இனி, செருகினால் போதும், வேலை செய்யும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. மானாமதுரையில் கடம் செய்யும் ஒரு முதியவரிடம் நாற்பது நிமிடம் பேசிப் பதிவு செய்தேன். அவர் நெஞ்சில் மைக், கைப்பேசியில் ரிசீவர், இரண்டிலும் பச்சை விளக்கு. ஊருக்குத் திரும்பிக் கேட்டபோது, பலகையால் களிமண்ணைத் தட்டித் தட்டி உருக்கொடுக்கும் ஓசைதான் பெரிதாக இருந்தது. அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கேமரா செயலி முழு நேரமும் கைப்பேசியின் உள்மைக்கிலிருந்தே பதிவு செய்திருக்கிறது. பச்சை விளக்கு சொன்னது, டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்ற செய்தியை மட்டுமே. ரிசீவர் தரும் ஒலியைக் கைப்பேசி எடுத்துக்கொள்கிறதா என்று அந்த விளக்குக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் தவறாமல் செய்வது நகச் சோதனை. பதிவைத் தொடங்கி, சட்டையில் குத்திய மைக்கின் தலையை நகத்தால் மூன்று முறை மெல்லச் சுரண்டுவது, பிறகு கைப்பேசியின் அடிப்புறத்தை அதேபோல் மூன்று முறை சுரண்டுவது, நிறுத்திவிட்டுக் கேட்பது. முதல் மூன்றும் கரகரவென்று பெரிதாகக் கேட்டு, அடுத்த மூன்றும் கேட்காமலோ மிக மெலிதாகவோ இருந்தால் மைக் வேலை செய்கிறது. மாறிக் கேட்டால் உள்மைக் பதிகிறது என்று பொருள். பதினைந்து நொடியில் முடியும் வேலை இது. கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரிசீவர் செருகியிருக்கும்போது சில கைப்பேசிகள் அதையே ஒலிபெருக்கியாகவும் எண்ணிக்கொண்டு, தம் ஸ்பீக்கரை மௌனமாக்கிவிடும். ஒன்றுமே கேட்கவில்லை, பதிவு போயிற்று என்று பதறாமல், ரிசீவரை உருவிவிட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சோதனையில் தோற்றால் பார்க்க வேண்டியவை சிலவே. கைப்பேசிக்குப் போட்டிருக்கும் தடித்த உறை, ரிசீவரின் முனை முழுவதும் உள்ளே இறங்காதபடி தடுக்கலாம். உறையைக் கழற்றிச் செருகினால் தீர்ந்துவிடும். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், சார்ஜ் துளையில் வெளிக் கருவிகளைச் செருகிப் பயன்படுத்த உதவும் ஓடிஜி என்ற வசதியை அமைப்புகளுக்குள் போய் நாமே திறக்க வேண்டும். பயன்படுத்தாமல் விட்டால் சிறிது நேரத்தில் அது தானாக மூடிக்கொள்ளவும் செய்யும். இவை சரியாக இருந்தும் வரவில்லை என்றால் குறை கேமரா செயலியில் இருக்கிறது. வெளி மைக்கைத் தேர்ந்தெடுக்கும் இடம் எல்லாக் கேமரா செயலிகளிலும் இருப்பதில்லை. ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியின் காணொளி அமைப்புகளில் ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்று குறிப்பிட முடியும். பிளாக்மேஜிக் கேமரா செயலியும் இலவசம்தான். பேசப் பேச ஒலி அளவு ஏறி இறங்குவதைத் திரையிலேயே காட்டுவது அதன் கூடுதல் நன்மை. அந்த அளவுகோலில் குரலின் உச்சம் -12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். 0-ஐத் தொட்டால் ஒலி சிதைந்துவிடும், பின்னர் எந்தச் செயலியாலும் அதை முழுமையாகச் சீராக்க முடியாது. பதிவுக்கு முன் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுவதும் நல்ல வழக்கம். மைக் நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை, ரிசீவரின் வானொலி தனியானது. நிற்பவை, உச்சக்கட்டத்தில் வந்து பதிவைக் கெடுக்கும் அழைப்புகள்தான்.

மைக்கை எங்கே குத்துவது என்பதில் காட்டும் அக்கறை, கூடுதல் ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் மைக்கைவிடப் பயன் தரும். கட்டைவிரலைக் கீழுதட்டில் வைத்துச் சாணை விரித்தால் சுண்டுவிரல் நெஞ்சில் தொடும் இடமே சரியான இடம். அதற்கு மேலே, தாடைக்கு அடியில் போனால் குரல் மங்கும். கீழே இறங்க இறங்க அறையின் எதிரொலி கூடும். மலிவு விலை காலர் மைக்குகள் பெரும்பாலும் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் கேட்பவை. ஆகையால் மைக்கின் முகம் வாயை நோக்கியே இருக்க வேண்டும் என்பதில்லை. மூச்சுக் காற்றும், ‘ப’கரத்தில் வாய் வெடித்து வரும் காற்றும் நேரே மோதுகின்றன என்றால், மைக்கைத் தலைகீழாகக் குத்தினாலும் குரல் குறையாது, காற்றடி குறைந்துவிடும். ஒரு தோளோரம் குத்துவது மட்டும் வேண்டாம்: பேசுபவர் எதிர்ப்பக்கம் தலையைத் திருப்பியதும் குரலும் கூடவே போய்விடும்.

துணியும் நகையும் மைக்குக்குப் பகை. கஞ்சி போட்ட பருத்தியும் புதுப் பட்டும் உரசும் ஓசை, காதுக்குப் பழக்கத்தால் கேட்பதில்லை. ஒரு சாணுக்குள் இருக்கும் மைக்குக்கோ அது சருகுக் குவியலை மிதிப்பதுபோல் கேட்கும். சேலை கட்டியவருக்கு, முந்தானை மடிப்பைப் பின் குத்தி அசையாமல் நிறுத்திவிட்டு, அந்த மடிப்பின் நெஞ்சுப்புற விளிம்பில் மைக்கைக் குத்தலாம். தாலிச் சங்கிலியோ மணியோ ஆடி வந்து தொடுகிறதா என்று ஒருமுறை குனிந்து நிமிரச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொத்தான் வரிசை இல்லாத டி-ஷர்ட்டில் கிளிப் நிற்காது. கழுத்துப் பட்டி மைக்கின் எடையில் தொங்கி, மைக் துணிக்குள் முகம் புதைத்துக்கொள்ளும். காந்தம் வைத்துப் பிடிக்கும் மைக்குகள் அதற்கு வசதியானவை. ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் நெஞ்சில் காந்தத்தை வைக்கவே கூடாது. பெரியவர்களிடம் பேட்டி எடுப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளியில் எடுக்கும்போது காற்று வேறு. மைக்கின் துளையில் காற்று சுழன்று மோதுவதால் எழும் குடுகுடு ஓசையை, கூட வரும் சிறு பஞ்சு உறை ஓரளவுதான் தடுக்கும். மெரினாவில் மாலை நேரத்தில் பேச வேண்டுமானால், ஆட்டுக்குட்டியின் ரோமம்போல் முடி வைத்த உறை வேண்டும். அது இல்லாத நாளில் காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, கைப்பேசியை எதிரே வைத்துக்கொள்வதே வழி.

இரைச்சல் நீக்கும் பொத்தானைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மலிவான மைக்குகளில் இந்த வசதி செய்வது இதுதான்: மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவோ அதை இரைச்சல் என்று முடிவுகட்டி அமுக்கிவிடும், ஏறி இறங்கும் ஒலியைப் பேச்சு என்று எண்ணி விட்டுவைக்கும். சீலிங் ஃபேனுக்கும் ஏசிக்கும் இது ஓரளவு பலன் தரும். குக்கர் விசிலையும் தெருவில் போகும் ஆட்டோவின் ஹாரனையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது, அவை சீரானவை அல்ல. மறுபக்கம், ச, ஷ, ஸ போன்ற உரசல் ஒலிகளின் இயல்பே இரைச்சலை ஒத்தது. அவையும் சேர்ந்து மழுங்கி, பேச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இசையில் இதன் கெடுதல் இன்னும் வெளிப்படை. பாட்டு வகுப்பைப் பதிவு செய்ய வந்த ஒருவர், முதல் நிமிடத்துக்குப் பிறகு சுருதிப் பெட்டியே கேட்கவில்லை என்று குழம்பினார். தம்புராவும் சுருதிப் பெட்டியும் ஒரே சீராக ஒலிப்பதற்கென்றே இருப்பவை. அந்தப் பொத்தானின் பார்வையில் அவையும் ஃபேனும் ஒன்று. இசைக்கு அதை அணைத்துவிட வேண்டும். பேச்சுக்கும், முதலில் அணைத்து வைத்துப் பதிவு செய்து பார்த்து, பொறுக்க முடியாத இரைச்சல் இருந்தால் மட்டும் போட வேண்டும்.

அதைவிட, ஐந்து நிமிடம் ஃபேனை நிறுத்தி வியர்த்துக்கொண்டே பேசுவது மேல். காலி அறையில் எதிரொலி மிகுந்தால், கேமராவில் தெரியாத பக்கம் மெத்தையைச் சாய்த்து வைப்பதும், தரையில் ஜமுக்காளம் விரிப்பதும், கொடியில் கனத்த போர்வையைத் தொங்கவிடுவதும் நல்ல மாற்றம் தரும். செலவில்லாத இந்த வேலைகளைச் செய்த பிறகும் குறை இருந்தால்தான் விலை உயர்ந்த மைக்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

விலை கூடினால் என்ன கிடைக்கும்? 2019-இல், மைக்குகள் செய்யும் ரோடு (RØDE) நிறுவனம் வயர்லெஸ் கோ என்ற தீப்பெட்டி அளவு மைக்கைக் கொண்டுவந்தது. 2021-இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறையில் டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவு செய்துகொள்ளும் வசதி சேர்ந்தது: வானலை அறுந்தாலும், மைக்கின் வயிற்றுக்குள் முழுப் பேச்சும் பத்திரமாக இருக்கும். மீண்டும் ஒருமுறை நடக்காத நிகழ்ச்சிகளை, ஒரு திருமணத்தையோ வயதான கலைஞரின் பேட்டியையோ, பதிவு செய்பவருக்கு அது காசு கொடுத்து வாங்கத் தக்க காப்பீடு. இருவர் பேசும் உரையாடலிலும் வேறுபாடு தெரியும். மலிவு விலை இரட்டை மைக்குகள் பல, இரண்டு குரலையும் ஒரே தடத்தில் கலந்துவிடும். ஒருவர் இருமினால் மற்றவர் பேச்சோடு அதுவும் ஒட்டிக்கொள்ளும். சற்று விலை கூடியவற்றில் ஒருவர் குரலை இடத் தடத்திலும் மற்றவர் குரலை வலத் தடத்திலும் தனித்தனியே வைத்து, பிறகு வேண்டியபடி கூட்டிக் குறைக்கலாம். தனியாகப் பேசுபவருக்கு இவை எதுவும் கட்டாயமில்லை.

இன்னும் ஒன்று. நெஞ்சில் குத்திய மைக், பேட்டி முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். பேசி முடித்தவர் எழுந்து உள்ளே போய் வீட்டாரிடம் தாழ்ந்த குரலில் சொல்வதுகூட, பதிவை நிறுத்தாமல் விட்டிருந்தால் சுவர் தாண்டி இந்தப் பக்கம் கைப்பேசியில் பதிவாகும். ஆகவே பதிவை நிறுத்தியதும் முதலில் மைக்கை அணைத்து அவர் கையாலேயே கழற்றித் தரச் சொல்வது வழக்கமாக வேண்டும். அதோடு, அவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள், பதிவின் நடுவிலிருந்து ஒரு நிமிடத்தை இயர்ஃபோனில் கேட்டுவிட வேண்டும். மானாமதுரைக்கு நான் இரண்டாம் முறை போய் அதே கேள்விகளைக் கேட்டபோது, பெரியவர் முதலில் கேட்டது, “இப்பவாவது விழுதா தம்பி?” என்றுதான்.